தோல் புற்றுநோய்: பிறப்பால் வருவதா, வெயிலால் வருவதா?



தோட்டப்புறத்தில் ஒருவருக்கு ஆறாத புண் ஒன்று வந்து, பெரியாஸ்பத்திரியில் சோதித்துப் பார்த்து, அது தோல் புற்றுநோய் என்று சொல்லிவிட்டால், மூன்று விதமான பேச்சு எழும். "அது அந்தக் குடும்பத்து வியாதி, ரத்தத்திலேயே இருக்கிறது" என்பார் ஒருவர். "காலமெல்லாம் வெயிலில் நின்று புல் வெட்டினால் வராமல் என்ன செய்யும்?" என்பார் மற்றொருவர். "நம் கறுப்புத் தோலுக்கு அதெல்லாம் வராது" என்பார் மூன்றாமவர்.

இவை வெறும் பேச்சோடு நின்றுவிட்டால் கவலையில்லை. முதல் பேச்சைக் கேட்ட குடும்பத்தார் நோயை வெளியே சொல்லாமல் மறைத்து வைப்பார்கள். பெண் கேட்டு வந்தவர்கள் திரும்பிப் போவார்கள். இரண்டாவது பேச்சைக் கேட்டவர், "வெயிலை விட்டு நாம் எங்கே ஓடுவது, வருவது வரட்டும்" என்று கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிடுவார். மூன்றாவது பேச்சை நம்பியவர் ஆறு மாதம், ஒரு வருடம் என்று நாளைக் கடத்துவார். இந்த மூன்று பேச்சிலும் கொஞ்சம் உண்மை கலந்திருக்கிறது. எந்த அளவு உண்மை என்பதைப் பிரித்துப் பார்ப்பதே இன்றைய நமது பேச்சின் நோக்கம்.

ஜெலாப்பாங், ஈப்போ நகருக்கு வடக்கே அடுத்தாற்போல் இருக்கும் இடம். ஒரு காலத்தில் இந்த வட்டாரத்தில் பால்மரக் காடுகளும், சுற்றிலும் ஈயச் சுரங்கங்களும் இருந்தன. இன்று தாமான் வீடுகளும் நெடுஞ்சாலையும் வந்துவிட்டன. லயத்தில் பிறந்தவர்கள் பலர் தாமானில் குடியிருக்கிறார்கள். வேறு பலர் பேராக்கின் செம்பனைத் தோட்டங்களில் இன்னும் வேலை பார்க்கிறார்கள். இடம் மாறினாலும் வெயில் மாறவில்லை. பூமத்திய ரேகையிலிருந்து ஏறக்குறைய 500 கிலோமீட்டர் தூரத்தில்தான் நாம் இருக்கிறோம். ஆண்டில் இரண்டு முறை சூரியன் நேராக நம் உச்சந்தலைக்கு மேலே வருகிறது.

வெயிலில் இரண்டு பங்கு உண்டு. ஒன்று நமக்குத் தெரிகிற வெளிச்சமும் சூடும். மற்றொன்று கண்ணுக்குத் தெரியாத புறஊதாக் கதிர். தோலுக்குக் கேடு செய்வது இந்தக் கதிர்தான். மேகம் மூடிய நாளில் சூடு குறைந்திருக்கும். ஆனால் இந்தக் கதிரில் பெரும் பங்கு மேகத்தைத் தாண்டி வந்துவிடக் கூடும். ஆகவே சூடு இல்லை என்பதால் கதிர் இல்லை என்று எண்ணக் கூடாது.

இந்தக் கதிர் தோலில் என்ன செய்கிறது? நம் உடம்பு கோடிக்கணக்கான உயிரணுக்களால் ஆனது. ஒவ்வோர் அணுவுக்குள்ளும், அது என்ன வேலை செய்ய வேண்டும், எப்போது பெருக வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்ற கட்டளைகள் எழுதிய ஏடு ஒன்று உண்டு. இதைத்தான் மரபணு ஏடு என்கிறோம். தாயிடமிருந்து ஒரு பிரதியும் தகப்பனிடமிருந்து ஒரு பிரதியும் நமக்கு வருகின்றன. புறஊதாக் கதிர் பட்டால், அந்த ஏட்டில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். எழுத்து ஒட்டிப்போனால் வாசகம் தவறும். "போதும், நில்" என்று சொல்லும் வரி அழிந்துவிட்டால், அந்த அணு நிற்காமல் பெருகத் தொடங்கும். புற்றுநோயின் வித்து அதுதான்.

ஆனால் உடம்பு இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதில்லை. ஒட்டிப்போன எழுத்துகளை வெட்டி எடுத்துவிட்டுச் சரியான எழுத்துகளைப் போட்டு நிரப்பும் ஏற்பாடு ஒவ்வோர் அணுவிலும் இருக்கிறது. உடம்பு தன் மரபணு ஏட்டை எவ்வாறு பழுது பார்க்கிறது என்பதைக் கண்டறிந்த தோமாஸ் லிண்டால், பால் மாட்ரிச், அசிஸ் சன்ஜார் ஆகிய மூவருக்கும் 2015ஆம் ஆண்டில் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. நாள்தோறும் வெயிலில் நிற்கிற நாம் எல்லாரும் புற்றுநோய் கண்டு போகாமல் இருப்பதற்கு இந்தப் பழுது பார்க்கும் வேலையே பெரும் காரணம். கெடுதல் அதிகமாகி, பழுது பார்ப்பது பின்தங்கிவிட்டால்தான், பல ஆண்டுகள் கழித்து நோய் தலை காட்டுகிறது.

இனி, தோலின் நிறத்துக்கு வருவோம். மேல்தோலின் அடியில் நிறத்தை உண்டாக்கும் அணுக்கள் இருக்கின்றன. அவை செய்யும் மையின் பெயர் மெலனின். கறுப்பாக இருப்பவருக்கு நிற அணுக்கள் அதிகம், வெள்ளையாக இருப்பவருக்குக் குறைவு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியன்று. எல்லா மனிதருக்கும் அந்த அணுக்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றே. அவை எவ்வளவு மை செய்கின்றன, எந்த வகை மை செய்கின்றன, அதை எப்படிப் பரப்பி வைக்கின்றன என்பதில்தான் வேற்றுமை. அந்த மை, அணுவின் ஏட்டுக்கு மேலே குடை பிடித்தாற்போல் நின்று கதிரைத் தடுக்கிறது. கறுப்பினத்தவரின் மேல்தோல், வெள்ளையரின் மேல்தோலைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு காப்பளிக்கிறது என்று 1979இல் வெளியான அமெரிக்க ஆராய்ச்சி ஒன்று கணக்கிட்டது. இந்தக் குடை நமக்குப் பிறப்பிலேயே வருவது. தாய் தகப்பன் கொடுத்த சொத்து.

அப்படியானால் பிறப்பு பெரிதா, வெயில் பெரிதா? இதை எப்படிச் சோதித்துப் பார்ப்பது? ஒரே வெயிலில் வெவ்வேறு பிறப்பினரை நிறுத்திப் பார்க்க வேண்டும். பிறகு ஒரே பிறப்பினரை வெவ்வேறு வெயிலில் நிறுத்திப் பார்க்க வேண்டும். மனிதர்களை வைத்து இப்படிச் சோதனை செய்ய முடியாது. ஆனால் சரித்திரமே இந்தச் சோதனையைச் செய்து வைத்திருக்கிறது.

முதலில் ஒரே வெயில். நம் அண்டை நாடாகிய சிங்கப்பூரில், சீனரும் மலாய்க்காரரும் இந்தியரும் ஒரு சிறு தீவுக்குள் ஒரே வெயிலில் வாழ்கிறார்கள். அங்கே 1968 முதல் 2006 வரை புற்றுநோய்ப் பதிவேட்டில் சேர்ந்த தோல் புற்றுநோய்க் கணக்கை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். சற்று வெளுத்த நிறமுடைய சீனர்களிடையே நோய் அதிகமாகவும், மலாய்க்காரர், இந்தியரிடையே குறைவாகவும் இருந்தது. வெயில் ஒன்றுதான், பிறப்பால் வந்த தோல்தான் வேறு. எனவே பிறப்புக்குப் பங்கு உண்டு என்பது தெளிவாகிறது.

அடுத்து ஒரே பிறப்பு. பிரிட்டனிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் மக்கள் ஆஸ்திரேலியாவில் போய்க் குடியேறினார்கள். ரத்தம் அதே ரத்தம், வெயில்தான் வேறு. இன்று ஆஸ்திரேலியாவில் மூவரில் இருவருக்கு, எழுபது வயதுக்குள் ஏதாவது ஒரு வகைத் தோல் புற்று கண்டுபிடிக்கப்படுகிறது என்று அந்நாட்டுப் புற்றுநோய்க் கழகம் கூறுகிறது. பிரிட்டனில் தங்கிவிட்ட அவர்களின் உறவினரிடையே இவ்வளவு இல்லை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சிறு வயதிலேயே ஆஸ்திரேலியா வந்து வளர்ந்தவர்களுக்கு, பெரியவர்களான பிறகு வந்தவர்களைவிட நோய் அதிகம். குழந்தைப் பருவத்தில் பட்ட வெயில் நெடுங்காலம் கணக்கில் நிற்கிறது என்பது இதன் பாடம்.

மூன்றாவதாக, இரட்டைப் பிள்ளைகள். ஒரே கருவில் பிரிந்த இரட்டையருக்கு மரபணு ஏடு ஒன்றே. டென்மார்க், பின்லாந்து, நார்வே, சுவீடன் ஆகிய நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட இரட்டையரை நெடுங்காலம் கவனித்து, 2016இல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். அந்த நாட்டு மக்களிடையே ஒருவருக்கு ஒருவர் காணும் வேற்றுமையில், மெலனோமா என்ற கொடிய தோல் புற்றுக்கு 58 விழுக்காடும், மற்ற வகைத் தோல் புற்றுகளுக்கு 43 விழுக்காடும் பிறப்பின் பங்கு என்றார்கள். நூறு நோயாளிகளில் 58 பேருக்குப் பரம்பரையாக வந்தது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. வெயில் எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கிற நாட்டில், யாருக்கு நோய் வருகிறது, யாருக்கு வரவில்லை என்பதைப் பிரிப்பதில் தோலின் தன்மை பெரும் பங்கு வகிக்கிறது என்பதே பொருள். இதே மக்களை ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோனால் எல்லாருக்கும் ஆபத்து ஏறிவிடும்.

இதைத் தோட்டத்து மக்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. பால்மரத்தையே பாருங்கள். ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்பது ஓர் இனம். வேறு எத்தனையோ இனங்கள் உண்டு. ஒன்றின் பட்டை தடித்து விரைவில் வளரும். மற்றொன்றின் பட்டை மெலிந்திருக்கும். அது பிறப்பு. ஆனால் கத்தியை ஆழமாக விட்டு, மரத்தில் காயம் பட வெட்டினால், நல்ல இனத்து மரமும் முண்டும் முடிச்சுமாகிப் போகும். பக்குவமாக வெட்டினால், சாதாரண இனத்து மரமும் பல காலம் பால் கொடுக்கும். மரம் கெட்டதற்கு இனம் காரணமா, கத்தி காரணமா என்று கேட்டால், அனுபவமுள்ள வெட்டுக்காரர் இரண்டையும் பார்த்துத்தான் பதில் சொல்வார். தோலும் அப்படித்தான். எவ்வளவு தாங்கும் என்பது பிறப்பு. எவ்வளவு வெட்டு விழுகிறது என்பது வெயில்.

பிறப்பின் பங்கு மிகப் பெரிதாக இருக்கிற இரண்டு நிலைகளை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். நம் குடும்பங்களுக்கு இவை முக்கியமானவை.

ஒன்று, உடம்பு முழுதும் தோலும் முடியும் வெளுத்துப் பிறக்கும் குழந்தைகள். ஆல்பினிசம் என்பது இதன் பெயர். இவர்களுக்கு மெலனின் மை மிகக் குறைவு, அல்லது அறவே இல்லை. குடையில்லாமல் வெயிலில் நிற்பவர்களைப் போல இவர்கள். கண்பார்வையும் குறைந்திருக்கும், வெளிச்சத்தில் கண் கூசும். ஆப்பிரிக்க நாடுகளில் தகுந்த பாதுகாப்பின்றி வளரும் இத்தகையோர் பலருக்கு, இளமையிலேயே தோல் புற்று வந்துவிடுகிறது. மற்றொன்று மிக அரிதான நோய். எழுத்துகளைப் பழுது பார்க்கும் ஏற்பாடே பிறப்பில் பழுதாகிவிடும் நிலை அது. வியன்னா நகரத்து மருத்துவர்களான ஹெப்ராவும் கபோசியும் 1874இல் இதை எழுதி வைத்தார்கள். காரணம் விளங்க ஏறக்குறைய நூறு ஆண்டுகள் ஆயின. 1968இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் கிளீவர் என்ற ஆராய்ச்சியாளர், இவர்களின் அணுக்களால் புறஊதாக் கதிரின் கெடுதலைச் சரி செய்ய முடியவில்லை என்று கண்டுபிடித்தார். இந்தப் பிள்ளைகளுக்குச் சிறு வயதிலேயே முகத்தில் புள்ளிகள் நிறையத் தோன்றும். பத்து வயதுக்குள்ளேயே தோல் புற்று வருவதும் உண்டு.

கேட்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிறப்பின் பங்கு இவ்வளவு பெரிதாக இருக்கிற இந்த இரண்டு நிலையிலும்கூட, வெயிலைத் தடுத்தால் நோயைப் பெருமளவு தடுக்கலாம். பிறப்பை மாற்ற முடியாது. தொப்பியும் முழுக்கைச் சட்டையும் போட்டுவிட முடியும்.

இவ்விரு நிலைகளும் எப்படி வருகின்றன? தாயிடமும் தகப்பனிடமும் ஒரே இடத்தில் பழுதான பிரதி ஒன்று மறைந்திருக்கும். அவர்களுக்கு ஒரு குறையும் தெரியாது. இரண்டு பழுதும் ஒரு குழந்தையில் சேர்ந்தால்தான் வெளிப்படும். அப்படிப்பட்ட தம்பதிக்கு ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு அது. ஒரே குடும்பத்தில் மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்று தலைமுறை தலைமுறையாகக் கொண்டு கொடுத்தால், ஒரே பழுது இரு பக்கமும் இருக்கும் வாய்ப்புக் கூடுகிறது. நம் நாட்டில் 1982 மார்ச் 1 முதல் நடப்பிலிருக்கும் திருமணச் சட்டம், நெருங்கிய உறவில் மணத்தைத் தடுத்தாலும், இந்துக்கள் தம் வழக்கப்படி அக்காள் மகளை மணப்பதற்கு விலக்குக் கொடுத்திருக்கிறது. சட்டம் இடம் கொடுப்பது வேறு, உடம்பு இடம் கொடுப்பது வேறு. குடும்பத்தில் இத்தகைய குழந்தை ஒன்று பிறந்திருந்தால், உறவில் மணம் பேசுவதற்கு முன் மருத்துவரிடம் ஆலோசனை கேட்பது நல்லது. அதே சமயம், இது தொற்று வியாதியன்று. யாருடைய பாவமும் அன்று. அந்தக் குழந்தையை "வெள்ளைக்காரன்" என்று கேலி செய்வதும், கோவில் திருவிழாவுக்கு அழைத்துப் போகாமல் வீட்டில் மறைத்து வைப்பதும் கூடாது. ஆசிரியர்களாகிய நாங்கள் அப்பிள்ளையை முன் வரிசையில் உட்காரவைத்து, பள்ளித் திடலில் தொப்பி போட அனுமதித்து, நிழலில் விளையாடவிட்டால், அதுவே பெரிய மருத்துவம்.

இனி, "குடும்பத்து வியாதி" என்ற பேச்சைச் சற்று ஆராய்வோம். 1775ஆம் ஆண்டில் இலண்டனில் பெர்சிவல் பாட் என்ற அறுவை மருத்துவர், புகைக்கூண்டு துடைக்கும் தொழிலாளரிடம் ஒரு தோல் புற்று அதிகம் வருவதைக் கவனித்தார். சிறு பையன்களாக இருந்தபோதே புகைக்கூண்டுக்குள் இறக்கிவிடப்பட்டவர்கள் அவர்கள். அவர்கள் உடம்பில் தங்கிய கரிதான் காரணம் என்று அவர் எழுதினார். தகப்பன் பார்த்த வேலையையே மகனும் பார்த்தால், தகப்பனுக்கு வந்த நோய் மகனுக்கும் வரும். வெளியிலிருந்து பார்ப்பவர் அதைப் பரம்பரை என்பார். உண்மையில் பரம்பரையாக வந்தது வேலைதான்.

தோட்டத்திலும் இப்படித்தான். தாத்தா, தகப்பன், மகன் என்று ஒரே தோட்டத்தில் ஒரே வேலை. பால்மரம் வெட்டுவோர் விடியுமுன்னே மரத்து நிழலில் வேலையைத் தொடங்கிவிடுவதால் அவர்களுக்கு வெயில் குறைவு. புல் வெட்டு, மருந்தடிப்பு, நர்சரி, இளங்கன்றுக் காடு ஆகிய வேலைகளில் நிழலே கிடையாது. மருந்தடிப்பில் இன்னொரு கெடுதலும் இருந்தது. முன்காலத்தில் மலாயாத் தோட்டங்களில் புல்லைக் கொல்லச் சோடியம் ஆர்சனைட் என்ற பாஷாண மருந்தைத் தெளித்தார்கள். 1960களில் பாராகுவாட் வந்த பிறகு அது படிப்படியாக விலகியது. அந்தப் பாராகுவாட்டையும் 2020ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் நம் அரசாங்கம் தடை செய்துவிட்டது. ஆர்சனிக் என்னும் பாஷாணம் நெடுநாள் உடம்பில் சேர்ந்தால், உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் கெட்டியான பொருக்குகள் தோன்றும். பல ஆண்டுகள் சென்று அவை புற்றாகவும் மாறலாம். தென் தாய்லாந்தில் ஈயச் சுரங்கம் இருந்த ரோன் பிபூன் வட்டாரத்தில், கிணற்றுத் தண்ணீரில் கலந்த ஆர்சனிக்கால் இந்தத் தோல் நோய் வந்தது 1987இல் வெளிப்பட்டது. வெயிலும் இல்லை, பரம்பரையும் இல்லை; ஆனாலும் ஒரே ஊரில், ஒரே குடும்பங்களில் நோய்.

வெயிலில் செய்யும் வேலையைப் பொறுத்தவரையில் உலகக் கணக்கே இருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனமும் அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனமும் 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, மெலனோமா அல்லாத தோல் புற்றால் இறப்போரில் ஏறக்குறைய மூவரில் ஒருவர் வெயிலில் வேலை செய்ததன் காரணமாக இறக்கிறார். 2019ஆம் ஆண்டில் மட்டும் இவ்வாறு இறந்தவர்கள் 183 நாடுகளில் சுமார் 19,000 பேர்.

இப்போது மூன்றாவது பேச்சு: "நம் தோலுக்கு வராது." குறைவாக வரும் என்பது உண்மை. வரவே வராது என்பது பொய். நமக்கு வரும்போது, வெள்ளையருக்கு வருகிற இடத்தில் வராமல் வேறிடத்தில் வருவதால், பலர் அதை அடையாளம் கண்டுகொள்வதில்லை. கறுப்பு நிறத்தாருக்கு மெலனோமா வந்தால், பெரும்பாலும் உள்ளங்காலிலும், உள்ளங்கையிலும், நகத்தின் அடியிலும் வரும். அங்கே வருவதற்கு வெயில் காரணமன்று. ஜமாய்க்கா நாட்டுப் பாடகர் பாப் மார்லிக்கு 1977இல் கால் பெருவிரல் நகத்தின் அடியில் இந்த நோய் கண்டது. 1981ஆம் ஆண்டு மே மாதம் 11ஆம் நாள், 36 வயதில் அவர் காலமானார். நம்மவரில் சர்க்கரை நோய் மிகுதி. காலில் புண் வந்தால், "சர்க்கரைப் புண்தானே" என்று சொல்லி மருந்து கட்டிக்கொண்டே இருப்போம். அந்தப் புண்ணுக்குள் இது மறைந்திருக்கக் கூடும்.

வேறு சில இடங்களும் உண்டு. பழைய தீப்புண் வடு, வருடக்கணக்கில் ஆறாத கால்புண் ஆகியவற்றில் புற்று தோன்றுவதுண்டு. பம்பாயில் டாக்டர் கானோல்கர் 1945இல், இடுப்பில் வேட்டியை இறுக்கிக் கட்டும் இடத்தில் வரும் புற்றைப் பற்றி எழுதினார். சேலையின் உள்பாவாடை நாடா அழுத்தும் இடத்திலும் இது வருவதைப் பிற்காலத்து இந்திய மருத்துவர்கள் கண்டார்கள். காஷ்மீரில் குளிருக்காகக் கரிச்சட்டியை உடைக்குள் வைத்துக்கொள்வோருக்கு, அந்தச் சூடு படும் வயிற்றிலும் தொடையிலும் புற்று வருவது நூறு ஆண்டுக்கும் மேலாகத் தெரிந்த செய்தி. அரிதாக வருபவைதான் இவை. ஆயினும் தாய்மார்கள் நாடாவை இறுக்கிக் கட்டாமல், கட்டும் இடத்தை மாற்றி மாற்றிக் கட்டுவது நல்லது. அங்கே தோல் கறுத்துத் தடித்துப் புண்ணானால் அலட்சியம் செய்யக் கூடாது.

சரி, நாம் என்ன செய்ய வேண்டும்?

முதலாவது, உடுப்பு. கிந்தா சமவெளியில் டூலாங் தட்டு ஏந்தி ஈயம் அரித்த சீனப் பெண்கள், அகன்ற தொப்பியும் நீண்ட கைச்சட்டையும் போட்டுத்தான் தண்ணீரில் இறங்கினார்கள். நம் தோட்டத்துப் பெண்களும் தலையில் முக்காடும், கையை மூடும் பழைய சட்டையுமாகத்தான் காட்டுக்குப் போனார்கள். அது நல்ல பழக்கம். விலை கொடுத்து வாங்கும் பூச்சைவிட நெருக்கமான துணி மேல். ஆனால் ஆல்பினிசம் உள்ள பிள்ளைகளுக்குத் துணியோடு பூச்சும் வேண்டும்.

இரண்டாவது, நேரம். நம் நாட்டுக் கடிகாரப்படி, சூரியன் உச்சிக்கு வருவது பிற்பகல் ஒரு மணிக்கு மேல்தான். ஆகவே காலை 11 மணியிலிருந்து மாலை 4 மணி வரை கதிர் கடுமை. உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருந்தால் கதிர் கடுமை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். பள்ளி விளையாட்டுப் பயிற்சியைப் பகல் இரண்டு மணிக்கு வைக்காமல் காலையிலோ மாலை ஐந்துக்கு மேலோ வைத்தால் நலம். அதற்காகப் பிள்ளைகளை வெயிலே படாமல் வளர்க்க வேண்டியதில்லை. எலும்புக்கு வேண்டிய வைட்டமின் 'டி' பெரும்பாலும் வெயிலால்தான் கிடைக்கிறது.

மூன்றாவது, இளம்பெண்களுக்கு ஒரு சொல். சிவப்பழகு தரும் என்று விற்கப்படும் சில களிம்புகளில் பாதரசம் கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்துத் தடை செய்திருக்கிறது. மெலனின் செய்யும் வேலையை நிறுத்துவதுதான் அந்தப் பாதரசத்தின் வேலை. சிறுநீரகத்தையும் அது கெடுக்கும். தாய் தகப்பன் இலவசமாகக் கொடுத்த குடையைப் பணம் கொடுத்துக் கிழிப்பானேன்?

நான்காவது, கண்காணிப்பு. மாதம் ஒரு முறை குளிக்கும்போது, உள்ளங்கால், விரலிடுக்கு, நகம், இடுப்பு, பழைய வடு ஆகியவற்றைப் பாருங்கள். கண் தெரியாத பாட்டிக்குப் பேரப்பிள்ளைகள் பார்த்துச் சொல்லலாம். நான்கு வாரத்துக்கு மேல் ஆறாத புண், தொட்டால் ரத்தம் கசியும் கட்டி, நிறமோ வடிவமோ மாறி வளரும் மச்சம், உள்ளங்காலில் புதிதாகத் தோன்றிப் பரவும் கறுப்பு ஆகியவை காட்ட வேண்டியவை. நம்மவர் சிலருக்குப் பல நகங்களில் மெல்லிய கறுப்புக் கோடு இயல்பாகவே இருக்கும். அதற்குப் பயப்பட வேண்டாம். ஒரே நகத்தில் புதிதாகத் தோன்றி, அகலமாகி, நகத்தைச் சுற்றிய தோலுக்கும் பரவினால் தாமதிக்கக் கூடாது.

காட்டுவது எங்கே? பக்கத்து அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளிக் கட்டணத்தில் காட்டலாம். தேவைப்பட்டால் அவர்கள் கடிதம் கொடுத்து, ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவுக்கு அனுப்புவார்கள். அங்கே சிறு துண்டு வெட்டி எடுத்துச் சோதிப்பார்கள். "கத்தி பட்டால் புற்று பரவிவிடும்" என்று சிலர் பயமுறுத்துவார்கள். அது வீண் பயம். பச்சிலை வைத்துக் கட்டுவதும், சுண்ணாம்பு தடவுவதும், சூடு போடுவதும்தான் காலத்தைத் தின்னும். தொடக்கத்தில் கண்டுவிட்டால், பெரும்பாலான தோல் புற்றுகளை ஒரு சிறு அறுவையிலேயே முற்றாக எடுத்துவிடலாம்.

ஆகவே நேயர்களே, "பரம்பரையா, வெயிலா?" என்று யாராவது கேட்டால், தோலைத் தருவது பரம்பரை, அதில் வெட்டுப் போடுவது வெயில், சில இடங்களில் இரண்டும் இல்லாமல் வேறு காரணமும் உண்டு என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு, அடுத்த வீட்டில் ஆறாத புண்ணோடு உட்கார்ந்திருக்கிற பெரியவரின் மகனிடம், "பரம்பரையோ வெயிலோ இருக்கட்டும் தம்பி, நாளைக் காலையில் அப்பாவை கிளினிக்குக் கூட்டிப் போ" என்றும் சொல்லுங்கள். துணைக்கு ஆள் இல்லையென்றால் நாமே உடன் போவோம்.